தொற்றுநோய்த் துறையா, ரேடியாலஜியா?

வணக்கம் டாக்டர். பாலக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் தாங்கள், வீட்டார் ரேடியாலஜியை (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைக் கொண்டு நோயறியும் துறை) வற்புறுத்தும் நிலையில், தொற்றுநோய்த் துறையில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்றே உறுதியாகச் சொல்வேன். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் 3 ஆண்டு டி.எம். (எம்.டி.க்கு மேற்பட்ட உயர்சிறப்புப் பட்டம்) தொற்றுநோய்ப் படிப்பு இருக்கிறது. ஊரில் நோய் பரவும் போக்கே தங்களை ஈர்க்குமானால், சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு பொருந்தும். ஒரு வாரக் காய்ச்சலுடன் வரும் விவசாயியின் அக்குளில், சிகரெட் சுட்டதுபோல் கருத்திருக்கும் பொருக்கைத் தேடிக் கண்டு, ஸ்க்ரப் டைபஸ் (ஒருவகை நுண்பூச்சி கடித்துப் பரவும் காய்ச்சல்) என ஐயுற்று, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கி, மாவட்டக் கண்காணிப்புப் பிரிவுக்கும் அன்றே தெரிவிக்கிறீர்களே, பெருந்தொற்றுக்கான ஆயத்தத்தின் முதற்படி அதுதான். வருமானம் ரேடியாலஜியைவிடக் குறைவு. அதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.