பென்சிலில் எழுதிய இரவுப் பணி

தம்பி, ஜெர்மனியில் யூனியனில் சேர்ந்தால் வேலை போய்விடுமா என்று கேட்டிருந்தாய். துபாயில் இருந்த உன் மாமா பயமுறுத்தியிருப்பார். அவர் பயத்தில் நியாயம் உண்டு; அங்கே தொழிற்சங்கத்துக்கே அனுமதி கிடையாது. இந்த ஊர் அப்படியல்ல. நம் மூணாறு மாதிரியும் அல்ல.

நான் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் 10 ஆனபோது, அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு தோட்டப் பெண்கள் தாங்களாகவே திரண்ட 'பெம்பிளை ஒருமை'யோடு சாலையில் போய் உட்கார்ந்தார். ஒன்பது நாள். பேச வந்த யூனியன் தலைவர்களையும் அண்டவிடவில்லை. 20 சதவீதம் வாங்கிய பிறகுதான் எழுந்தார்கள்.

அந்த நினைப்போடு இங்கே வந்தும், முதல் குளிர்காலத்தில் என் வாய் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு இரவுப் பணிக்கு என் பெயரை வார்டு பொறுப்பாளர் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார். கங்காணிக்குத் தலையாட்டிய பரம்பரை அல்லவா, ஆட்டினேன். மறுநாள் காபிக் கோப்பையோடு ஒரு பெண்மணி வந்தார். ஊழியர்கள் தேர்ந்தெடுத்த 'பெட்ரீப்ஸ்ராட்' குழு உறுப்பினர். "அட்டவணையை எங்கள் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது" என்றார். அரை மணி நேரத்தில் பெயர் அழிந்தது. யார் குரலும் உயரவில்லை.

பிறகு எனக்குத் துணிச்சல் வந்து, ஆள் பற்றாக்குறைக்காக எல்லோரும் வேலையை நிறுத்தி உட்காரலாம் என்றேன். ஏதோ திருடச் சொன்னதுபோல் பார்த்தார்கள். சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, அதில் பேசி முடித்த விஷயத்துக்காக வேலைநிறுத்தம் கூடாது. நாமாக இறங்குவதும் கூடாது, சங்கம்தான் அழைக்க வேண்டும். அம்மாவின் ஒன்பது நாள் இங்கே சட்டவிரோதம்!

இந்த அமைதி ஜெர்மானியர் சுபாவம் என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். 1920-இல் இந்தக் குழுக்களுக்கான சட்டம் விவாதத்தில் இருந்தபோது, அது போதாது என்று பெர்லின் நாடாளுமன்றத்தின் முன் திரண்டவர்களில் 42 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஹிட்லர் அந்தச் சட்டத்தை ஒழித்தார்; 1952-இல் புதிதாக வந்தது. இன்றைய அமைதிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சங்கத்தில் சேர். சேவைத் துறைச் சங்கமான 'வெர்டி'க்குச் சந்தா மொத்தச் சம்பளத்தில் ஒரு சதவீதம். ஆனால் உன்னை எடுத்திருப்பது தேவாலய மருத்துவமனையா என்று முதலில் பார். அங்கே பெட்ரீப்ஸ்ராட் சட்டம் செல்லாது, வேறு வகைப் பிரதிநிதிக் குழுதான் இருக்கும். பணி ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.