வலி மாத்திரையை விட்டால் வியர்ப்பது ஏன்?

கேள்வி: டிஸ்க் விலகலால் வந்த இடுப்பு வலிக்காக, மருத்துவர் எழுதித் தந்த டிரமடால் மாத்திரையை எட்டு மாதங்களாக உட்கொள்கிறேன். இரண்டு நாள் நிறுத்தினால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை வருகின்றன. நான் அடிமையாகிவிட்டேனா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: இந்த அறிகுறிகள் உங்கள் உடல் மருந்துக்குப் பழகிவிட்டதையே காட்டுகின்றன, டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை மருந்தை (அபினைப் போல் செயல்படும் வலி நிவாரணியை) தொடர்ந்து எடுக்கும் எவருக்கும் இது நேரலாம். வலி இல்லாத நாளிலும் மாத்திரையை மனம் தேடுவது, அளவைத் தாமே கூட்டிக்கொள்வது, இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியே சீட்டு வாங்குவது ஆகியவை தென்பட்டால்தான் அடிமைத்தனம் என்று ஐயப்பட வேண்டும்.

டிரமடால் ஓபியாய்டு ஏற்பிகளை (அவ்வகை மருந்துகள் ஒட்டிச் செயல்படும் இடங்களை) தூண்டுவதோடு, மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான செரோடோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டையும் கூட்டுவதால், திடீரென்று நிறுத்தும்போது உடலும் மனமும் ஒருசேரத் தடுமாறுகின்றன. எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைத்து, கூடவே இயன்முறை சிகிச்சையையும் தொடங்குவதே முறை. மனச்சோர்வு மருந்து எடுப்பவராயின் அதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். நாளொன்றுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டுவதும் அத்தகைய ஆபத்தே.

இந்தியாவில் 2018 முதல் இம்மருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் நீட்டும் கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. உங்கள் மாத்திரையில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். கலந்திருந்தால், காய்ச்சலுக்கென்று தனியாக அதையே விழுங்குவது கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.