சன்ரூம் கட்ட மூன்றாவது முறையாக 401கே கடன் எடுக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி நகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 45. ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை. எச்-1பி வேலை விசாதான், கிரீன் கார்டு வரிசை நகரவே இல்லை. திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஒவ்வோர் ஏப்ரலிலும் வந்து செப்டம்பர் வரை தங்குகிறார்கள். அவர்கள் காற்றாட உட்கார, பின்பக்கத்தில் கூரை போட்டிருக்கும் பேட்டியோ எனும் திறந்த தளத்தைக் கண்ணாடியால் அடைத்து சன்ரூம் ஆக்கச் சொல்லி மனைவியின் அண்ணன் வற்புறுத்துகிறார். சுகர்லேண்டில் அவர் வீட்டில் போன வருடமே கட்டிவிட்டார். 240 சதுர அடிக்கு 48,000 டாலர் கேட்கிறார்கள். கொசுவலை மட்டும் அடித்து மின்விசிறி போட இன்னொருவர் 6,500 சொன்னார். 401கே எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 1,40,000 இருக்கிறது. அதில் இன்னும் 30,000 கடன் எடுக்கலாம் என்கிறார்கள். மீதி 18,000-ஐ சன்ரூம் நிறுவனமே 18 மாதம் வட்டியில்லாமல் தருகிறதாம். தம்பியின் கோவை ஃபிளாட்டுக்காக எடுத்த 30,000 டாலர் 401கே கடனில் 14,000 பாக்கி. மாதம் 573 போகிறது. அதற்கு முன் வீட்டின் முன்பணத்துக்கு ஒன்று எடுத்து அடைத்துவிட்டேன். நான் போடும் தொகைக்குச் சமமாக, சம்பளத்தில் 5 சதவீதம் வரை நிறுவனமும் போடும். ஆனால் கடன் ஓடும்போது இரண்டு பிடித்தம் தாங்காது என்று 34 மாதமாக என் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாம் போக மாதம் 900 மிஞ்சுகிறது. நம் பணத்தை நாமே எடுத்து, வட்டியையும் நமக்கே கட்டுகிறோம். இதில் என்ன தவறு இருக்க முடியும்?

பதில்: கட்ட வேண்டாம். ஆனால் சன்ரூமைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 34 மாதமாக 401கே கணக்கில் உங்கள் பங்கைப் போடவில்லை என்ற வரியைப் படித்தபின் எனக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் 5 சதவீதம் என்றால் மாதம் 500 டாலர். நீங்கள் போட்டிருந்தால் நிறுவனமும் 500 போட்டிருக்கும். நீங்கள் போடாததால் அதுவும் போடவில்லை. 34 மாதத்தில் 17,000 டாலர். அது உங்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதி. இனி யாரிடம் கேட்டாலும் திரும்பி வராது. தம்பிக்கு 30,000 கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அது 47,000 ஆகிவிட்டது. அந்த 30,000 இத்தனை மாதமும் சந்தையில் இல்லாததால் வந்த இழப்பை இதில் நான் சேர்க்கவில்லை.

“வட்டியை நமக்கே கட்டுகிறோம்” என்ற பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வரி பிடித்தபின் கைக்கு வரும் சம்பளத்திலிருந்துதான் அந்த வட்டியைக் கட்டுகிறீர்கள். ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது அதே வட்டிக்கு இன்னொரு முறை வரி கட்டுவீர்கள். இருந்தும் கடன் எடுத்ததை மட்டும் வைத்து உங்களைக் குறை சொல்லமாட்டேன். கடனோடு பிடித்தத்தையும் நிறுத்துவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டதே, சேதம் அங்கேதான்.

இப்போது மூன்றாவது கடன். வீடு வாங்கினால்தான் நீண்ட தவணை. இருக்கும் வீட்டில் அறை சேர்ப்பதற்கு 5 ஆண்டுதான். 30,000-க்கு எட்டரை சதவீத வட்டி வைத்துக்கொண்டால் மாதம் 615 வரும். மிச்சமாகும் 900-இல் அதைக் கழித்தால் 285. சன்ரூம் நிறுவனத்தின் 18,000-ஐ 18 மாதத்தில் முடிக்க மாதம் 1,000 வேண்டும். எங்கிருந்து கட்டுவீர்கள்?

அந்த “வட்டியில்லாத் தவணை”யின் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட திட்டங்கள் பலவற்றில் வட்டியைத் தள்ளுபடி செய்வதில்லை, தள்ளித்தான் வைக்கிறார்கள். 18-ஆம் மாத முடிவில் ஒரு டாலர் பாக்கி நின்றாலும் முதல் நாளிலிருந்து வட்டி போடுவார்கள். விகிதம் 28 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 285 கட்டி வந்தால் கடைசியில் 12,870 அசல் நிற்கும். அதன்மேல் ஏறத்தாழ 6,500 வட்டி ஒரே நாளில் ஏறும். வலை அடிக்க இன்னொருவர் கேட்ட முழுத் தொகை அது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 900 உண்மையான மிச்சமே இல்லை. அதில் சுமார் 400, பிடித்தத்தை நிறுத்தியதால் கையில் நிற்கிறது. கடனுக்காக இன்னும் 5 ஆண்டு நிறுத்தினால் நிறுவனத்தின் பங்காக மட்டும் 30,000 போகும். அந்தப் பணம் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் உங்கள் 65 வயதில் 80,000-ஐத் தொட்டிருக்கும். 48,000 ரசீதோடு இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் சன்ரூமின் விலையைப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் ஒரே வருமானம், அதுவும் எச்-1பி. வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள். பெரும்பாலான திட்டங்களில் வேலை போனதும் 401கே கடன் முழுவதும் கழுத்துக்கு வரும். அந்த ஆண்டுக்கான வருமான வரித் தாக்கல் கெடுவுக்குள் அதைக் கட்டிவிட வேண்டும். கட்டாத தொகையை நீங்கள் எடுத்துச் செலவழித்ததாகக் கணக்கில் கொள்வார்கள்; வருமான வரியும் 10 சதவீத அபராதமும் விழும். பழைய 14,000, புதிய 30,000 சேர்ந்து 44,000 நிலுவை என்றால் அந்தச் சுமை 10,000 டாலரை ஒட்டி வரும். சம்பளம் இல்லாத வருடத்தில், நாட்டை விட்டே கிளம்ப வேண்டியிருக்குமோ என்ற நிலையில், இதைச் சமாளிக்க முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சரி, பணம் கையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் இணைத்திருக்கும் விலைப்பட்டியலில் கையெழுத்துப் போட விடமாட்டேன். ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், “மூன்று பருவ அறை” என்று அதில் இருக்கிறது. வட மாநிலங்களில் குளிர்காலம் ஒன்றைத் தவிர மற்ற மாதங்களுக்கு ஆகும் அறைக்கு வைத்த பெயர் அது. ஹூஸ்டனில் கணக்கு தலைகீழ். நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த அறையில் சுகமாக உட்காரலாம். உங்கள் மாமனாரும் மாமியாரும் வருவது ஏப்ரலில்! ஆகஸ்டில் வெயில் 35 டிகிரி. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதம். கண்ணாடி வழியே இறங்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். திருச்சி வெயிலுக்குத் தப்பி வருகிறவர்களை அதற்குள்ளா உட்காரவைப்பது?

குளிர்சாதனம் போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, அதற்குத் தனியாக 5,500. குளிரூட்டிய ஒற்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் இரவெல்லாம் வியர்க்கும். சட்டத்தின் பள்ளத்தில் நீர் தங்கும். ஓரத்து இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை கறுத்துப் பூசணம் பிடிக்கும். இரட்டைக் கண்ணாடி, வெப்பம் தடுக்கும் பூச்சு, தனி மினி ஸ்பிளிட் ஏசி எல்லாம் சேர்த்து ஒழுங்காகக் கட்டினால் விலை 48,000-இல் நிற்காது.

அடியில் இருக்கும் மண்ணையும் பாருங்கள். ஹூஸ்டன் பகுதிக் களிமண் மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பேட்டியோ தளம் பெரும்பாலும் 4 அங்குல கான்கிரீட். வீட்டு அஸ்திவாரத்தோடு சேராமல் தனியாகக் கிடக்கும். பின்கதவைத் திறந்து, சுவரும் தளமும் சேரும் கோட்டைக் குனிந்து பாருங்கள். பல வீடுகளில் ஒரு முனையில் நகம் நுழையாது, மறுமுனையில் கால் டாலர் காசு செங்குத்தாக நிற்கும். தளம் அப்படி அசையும்போது மேலே நிற்கும் கண்ணாடிச் சட்டமும் அசையும், இணைப்பில் மழை இறங்கும். தளத்தைப் பலப்படுத்துவது பற்றிப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

வரியும் ஏறும். உரிமையாளரே குடியிருப்பதற்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை பெற்ற வீட்டின் மதிப்பை வரிக்காக ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்ற பாதுகாப்பு, புதிதாகக் கட்டும் பகுதிக்குப் பொருந்தாது. அதற்கு 30,000 மதிப்புப் போட்டு உங்கள் வரி விகிதம் 2.4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 720. காப்பீட்டிலும் புயல், ஆலங்கட்டி மழைச் சேதத்துக்கு முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை பொதுவாக வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம். 4,50,000-க்கு 2 சதவீதம் 9,000. 2024 ஜூலையில் வந்த பெரில் போல ஒரு புயலில் சன்ரூம் கண்ணாடி மட்டும் 8,000-க்கு நொறுங்கினால் காப்பீட்டிலிருந்து ஒன்றும் வராது.

இனிச் செய்ய வேண்டியது. இந்த வாரமே 401கே இணையப் பக்கத்தில் உங்கள் பங்கை 5 சதவீதத்துக்கு மாற்றுங்கள். மிச்சம் சுமார் 500 ஆகக் குறையும், குறையட்டும். பழைய கடனின் 573 அப்படியே ஓடி இரண்டு வருடம் சொச்சத்தில் முடியும். அதுவரை தம்பி உட்பட யாருக்கும் புதிய 401கே கடன் இல்லை. ஃபிளாட் தம்பி பெயரில் இருக்கிறது. அந்தத் தவணையில் பாதியையாவது அவர் மாதாமாதம் அனுப்ப முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

மிஞ்சும் 500-ஐ முதலில் அவசரச் செலவுக்குச் சேருங்கள். மூன்று மாத வீட்டுச் செலவு கையில் நின்றபிறகு 6,500 வலையடைப்புக்கு வரலாம். கொசு வராது, காற்று வரும், மின்விசிறிக்கு அடியில் காலையும் மாலையும் பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம். அதற்கும் வேலை தொடங்குமுன் குடியிருப்புச் சங்கத்தின் எழுத்து அனுமதி வாங்குங்கள். “இன்று மட்டும் இந்த விலை” என்று வீட்டுக்கே வந்து அவசரப்படுத்தும் விற்பனையாளரை அனுப்பிவிடுங்கள். அசந்து கையெழுத்துப் போட்டிருந்தாலும், வீட்டில் வைத்துச் செய்த விற்பனையை மூன்று வேலை நாளுக்குள் எழுத்தில் ரத்துசெய்ய மத்திய விதி இடம் தருகிறது.

மைத்துனரிடம் இந்தக் கணக்கை நீங்களாகச் சொல்வதைவிட உங்கள் மனைவி சொல்வது நல்லது. பெற்றோருக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மைத்துனருக்கு நிஜமாகவே இருந்தால், செலவைப் பகிர்ந்துகொள்ளச் சரியான இடம் பயணிகளுக்கான மருத்துவக் காப்பீடு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிர்ணயித்த தொகை மட்டும் தரும் மலிவுத் திட்டத்தை எடுத்தால் அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தில் பெரும்பகுதி உங்கள் தலையில்தான் விழும். முழுமையான திட்டமாகப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இருவருமாகப் பணம் போட்டு எடுத்துவிடுங்கள்.