ஜீன் படிக்க மாந்தோப்பை அடமானம் வைக்கணுமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி நீளமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, இந்த வருடம் பிளஸ் டூ, உயிரியல் குரூப், நல்ல மார்க். நீட்டில் மட்டும் கவர்ன்மென்ட் சீட் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. இன்னொரு வருடம் நாமக்கல் கோச்சிங்கில் போடு என்கிறார் அத்தை. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் தாய்மாமனோ, "டாக்டர் எல்லாம் பழைய கதை மாமா, இனி எல்லாமே ஜீன்தான்" என்று சென்னைப் பக்கத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஜெனிட்டிக் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பமே போட்டுவிட்டார். வருடத்துக்கு மூன்றரை லட்சம், விடுதியும் சாப்பாடும் தனி. நான்கு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இருபது லட்சத்தைத் தொடுகிறது. மாந்தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார். அவர் சம்மதத்தோடு இங்கேயே பதில் எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இன்னும் நாலு வீடு இருக்கும்.

அண்ணா, கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று சொல்ல உங்களைச் சுற்றி ஆள் நிறைய இருப்பார்கள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தச் சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

படிப்பின் பெயரில் ஜெனிட்டிக் இன்ஜினியரிங் என்று இருந்தாலும், நான்கு வருடம் முடித்த பிள்ளையிடம் யாரும் ஒரு மரபணுவைக் கொடுத்து மாற்றிக்காட்டு என்று சொல்லப் போவதில்லை. இந்தத் துறையில் உருப்படியான வேலை முதுகலையில்தான் தொடங்கும். சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து ஆராய வேண்டும் என்றால் பிஎச்.டி. வரை போக வேண்டும். அப்படியானால் இளநிலைப் பட்டம் முதல் படிதான், அந்த ஒரு படிக்கே கையிலிருப்பதை எல்லாம் கொட்டிவிட்டால் அடுத்த படிக்கு என்ன செய்வீர்கள்? ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். வட்டி ஏற ஆரம்பித்ததும் பிள்ளை மேற்படிப்பை மறந்துவிட்டு மெடிக்கல் கோடிங்கோ ஐ.டி.யோ கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடும். இப்படி உட்கார்ந்த பயோடெக் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, கணக்கு முதலிலேயே தப்பாகப் போடப்பட்டது.

நாமக்கல் கோச்சிங் பற்றி அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாப்பா டாக்டர் ஆகணும்னு எப்போதாவது சொல்லியிருக்கிறாளா?

நீங்கள் பேசியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. "அவளுக்கு என்னங்க தெரியும், மாட்டுக் கொட்டகை ஓரமா தக்காளி விதையை வச்சு விளையாடிட்டு இருப்பா" என்று போகிற போக்கில் சொன்னீர்கள். அதை அவள் குறித்து வைத்திருக்கும் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நீங்கள் வாங்கி நட்ட ஹைபிரிட் தக்காளியின் பழத்திலிருந்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, போன வருடம் தனியாக 40 செடி வைத்திருக்கிறாள். அம்மாச் செடியில் பழம் எல்லாம் உருண்டை. இந்த 40-ல் 29 செடியில் உருண்டை, 11 செடியில் நீளம். பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "நீளம் எங்கிருந்து வந்தது?"

இது விளையாட்டு இல்லை அண்ணா. மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளை வருடக்கணக்கில் வளர்த்து, எண்ணி, 1866-ல் வெளியிட்ட கணக்கும் இதுதான்: ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. செடியில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஹைபிரிட் என்பது வெவ்வேறு குணமுள்ள இரண்டு பெற்றோரைச் சேர்த்தது. முதல் தலைமுறையில் எல்லாச் செடிக்கும் ஒரே கூட்டு என்பதால் பழம் ஒரே மாதிரி வரும், மண்டியிலும் ஒரே சைஸ் என்று நல்ல விலை கிடைக்கும். அந்தப் பழத்தின் விதையைப் போட்டால் பிரதிகள் பிரிந்து மறுபடி கூடும். அமுங்கிக் கிடந்த குணம் நாலில் ஒரு செடியில் வெளியே வந்துவிடும். உங்கள் கொல்லையில் நீளத்துக்குக் காரணமான மரபணு எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் தக்காளியில் ஓவேட் என்று ஒன்றை 2002-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனால் அதிலிருந்து உருவாக வேண்டிய புரதம் பாதியிலேயே நின்றுவிடும், பழம் உருண்டை போய்ப் பேரிக்காய் மாதிரி நீளும். மரபணு வேலை செய்வது இப்படித்தான். எழுத்து வரிசை, அதைப் படித்து உருவாகும் புரதம், அந்தப் புரதம் இருப்பதாலோ இல்லாததாலோ நம் கண்ணுக்குத் தெரிகிற பழம்.

இப்படி ஒரு கேள்வியைத் தானாகக் கேட்கிற பிள்ளைக்கு என்றே ஒரு படிப்பு இருக்கிறது. சொந்தக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வெளியே அது "அக்ரி" என்றுதான் தெரியும். பி.எஸ்சி. ஹானர்ஸ் வேளாண்மை நான்கு வருடம், அதற்குப் பிறகு முதுகலையில் மரபியலும் பயிர் இனப்பெருக்கமும், பேச்சு வழக்கில் பிளான்ட் பிரீடிங். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை. பாப்பா ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. 2021-லிருந்து அது வேளாண் படிப்புக்கும் பொருந்தும், அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. மாமா விண்ணப்பம் போட்ட இடத்தில் இந்த ஒதுக்கீடு செல்லாது. ஒரு பக்கம் இருபது லட்சம், இன்னொரு பக்கம் ஏறக்குறைய பஸ் செலவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

சரி, புது ரகம் உருவாக்குகிற இந்த பிரீடர் என்றால் என்ன வேலை? உங்கள் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். நாளைக்கு விரியப்போகிற மொட்டு, இதழ் வெளிர் மஞ்சளாக எட்டிப் பார்க்கும்போது, இடுக்கியால் பிரித்து உள்ளே கூம்பாக நிற்கும் மகரந்தப்பையை மொத்தமாக இழுத்து எடுத்துவிடுவார்கள். நடுவில் சூல்முடி மட்டும் நிற்கும். பிறகு அதில் வேறு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, எந்தப் பூ என்று பின்னால் தெரிவதற்காகப் புல்லிதழில் இரண்டை நறுக்கிவிடுவார்கள். அறுவடையில் அந்த நறுக்கிய பழத்தைத்தான் தேடி எடுப்பார்கள். ராகியில் இந்தப் பாடு இன்னும் கஷ்டம், பூ அவ்வளவு பொடிசு. கதிரை வெந்நீரில் முக்கி மகரந்தத்தை மட்டும் சாகடிக்கிற முறையெல்லாம் உண்டு. பக்கத்து மண்டியாவில் ராகி லட்சுமணய்யா என்றே பெயரெடுத்த ஒருவர் நம்மூர் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்துதான் இண்டாஃப் ரகங்களைக் கொண்டுவந்தார். இவ்வளவு தூரம் எதற்கு, காவேரிப்பட்டணம் பக்கம் பையூர் ஆராய்ச்சி நிலையம் தெரியுமில்லையா? அங்கிருந்து வந்த பையூர் 2 என்ற கொள்ளு ரகம், கோ 1 என்ற வேறொரு கொள்ளு ரகத்தின் விதையில் காமா கதிர் பாய்ச்சி, மாறி வந்த செடிகளில் நல்லதைப் பொறுக்கி எடுத்தது.

கலந்ததோடு வேலை முடியாது. அடுத்தடுத்த தலைமுறைகளாக ஆயிரக்கணக்கான செடிகளைப் பார்த்து, கழித்து, மிச்சத்தை மறுபடி விதைத்து, பல ஊர்களில் நட்டுச் சோதித்து ஒரு ரகம் வெளியே வர எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். அதைச் சுருக்கத்தான் லேப். உங்களுக்கு வருடா வருடம் தலைவலியாக இருக்கும் இலைச்சுருட்டு வைரஸுக்கு எதிராக நிற்கிற டி.ஒய்.1 என்ற மரபணு தென்னமெரிக்கக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. ஒரு நாற்றில் அது இருக்கிறதா என்று பார்க்க இனி அந்த வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ வரும்வரை காத்திருக்க வேண்டாம். குழித்தட்டில் இருக்கும்போதே ஒரு துளி இலையைக் கிள்ளி, டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் பல மடங்கு நகலெடுக்கிற பி.சி.ஆர். மெஷினில் ஓட்டினால் போதும், ஜெல்லில் கோடு விழும் இடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த வைரஸோடு வாடல், கருகல் நோய்களையும் சேர்த்துத் தாங்குகிற அர்கா ரக்ஷக் பெங்களூர் ஹெசரகட்டாவில் உருவானது, உங்களில் சிலர் நட்டும் இருப்பீர்கள்.

மாமா சொல்கிற ஜீன் எடிட்டிங்குக்கும் வருகிறேன். டி.என்.ஏ.வை வேண்டிய இடத்தில் கத்திரித்து மாற்றுகிற கிரிஸ்பர் என்ற அந்த முறை 2012-ல் வந்தது, 2020-ல் அதற்கு நோபல் கிடைத்தது. அதை வைத்து நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் கமலா என்ற நெல்லை அறிவித்தது. ஏற்கெனவே எல்லோரும் பயிரிடுகிற சம்பா மசூரியை எடுத்து, சி.கே.எக்ஸ்.2 என்ற ஒரு மரபணுவை மட்டும் திருத்தினார்கள். கதிரில் மணியைக் கூட்டுகிற ஹார்மோன் ஒன்றைச் சிதைப்பது அதன் வேலை, அதை நிறுத்தியதும் மணி கூடியது. பி.டி. பருத்தியில் வெளியிலிருந்து மரபணு சேர்த்தார்கள், இதில் அப்படி எதையும் சேர்க்கவில்லை. இதில் கத்திரிக்கிற வேலையைச் சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பயிரில், எந்த ரகத்தில், எந்த மரபணுவைத் தொட்டால் விவசாயிக்குப் பிரயோஜனம், தொட்ட பிறகு வயலில் செடி ஒழுங்காக நிற்கிறதா என்று சொல்லப் பயிரைத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் பாப்பா வர முடியும் என்று சொல்கிறேன்.

நெளிவு சுளிவையும் சொல்லாமல் விடக்கூடாது. வேளாண்மைக்கு கட் ஆஃப் அதிகம், ஒதுக்கீட்டிலும் போட்டி உண்டு. இடம் கிடைக்கவில்லை என்றால் உடனே தனியார் வேளாண் கல்லூரி மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஓடாதீர்கள். அப்படியே போனாலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் மேற்படிப்பில் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிடத் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் எவ்வளவோ மேல். அங்கிருந்தும் கேட்-பி, ஜாம் மாதிரி நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் முதுகலை சேரலாம், கேட்-பி வழியாகப் போனால் படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. அதற்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி. செய்ய மாதம் 37,000 ரூபாய் அவர்கள் கொடுப்பார்கள், நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆரம்பச் சம்பளம் மாமாவின் ஐ.டி. சம்பளத்தோடு போட்டி போடாது, வெயிலில் நிற்க வேண்டிய வேலை, காலமும் கொஞ்சம் இழுக்கும். வேளாண்மை படித்து முதுகலையோடு நிறுத்தினால் பெங்களூரைச் சுற்றியுள்ள காய்கறி விதை நிறுவனங்கள், விதைச் சான்றுத் துறை, டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர், வங்கியில் வேளாண் அதிகாரி என்று வழி இருக்கிறது. பட்டினி கிடக்க மாட்டாள்.

"அவ்வளவு வருஷம் படிச்சா மாப்பிள்ளை யார் தேடறது" என்று உங்கள் அம்மா கேட்டதையும் சொன்னீர்கள். அது பிறகு பேச வேண்டிய பேச்சு, இப்போதைய பேச்சு இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இந்த வாரமே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்குங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்றில் பெயர் எழுத்து மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும். வேளாண் பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பம் திறந்ததும் பாப்பாவையே நிரப்பச் சொல்லுங்கள், பிரௌசிங் சென்டர் பையனிடம் விடாதீர்கள். ஒரு நாள் அவளைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அந்த நோட்டோடு கூட்டிப்போய் அங்கிருக்கிற விஞ்ஞானியிடம் பேச விடுங்கள், நீங்கள் வெளியே டீ குடியுங்கள். மாமாவிடம் என் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.