மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருக்கும் அம்மாவுக்கு நான் எப்படித் துணையாக இருப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான். அம்மாவுக்கு 49 வயது. சில மாதங்களாக இரவில் தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். டாக்டர் "மெனோபாஸ்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். நீங்கள் மகனா மகளா என்று போடவில்லை. "பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை" என்ற வரியைப் பார்த்தால் மகன் என்று தோன்றுகிறது. தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

தம்பி, உங்களைப் பெற்றபோது அம்மாவுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. எனக்கே 50 வயதில்தான் அது புரிந்தது, அதுவும் என் மகள் கேட்டதால்.

எனக்கு 48-ல் மாதவிடாய் முன்னும் பின்னுமாக வர ஆரம்பித்தது. இரண்டு மாதம் வராது, அப்புறம் வந்தால் பத்து நாள் நிற்காது. 50-ஐத் தொட்டபோது இரவுகள் மொத்தமாகக் கெட்டுப்போயின. நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், காதுமடல் வரை ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது அடங்கியதும் குளிர் எடுக்கும். கூடவே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, அவரைப் பார்த்து, "இந்த வயசில் எல்லா லேடீஸுக்கும் வர்றதுதான் சார், நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். பிரஷர்கூடப் பார்க்கவில்லை. என் உடம்பைப் பற்றிய பேச்சு என் தலைக்கு மேலே நடந்து முடிந்தது. இவரும் சொன்னபடியே அனுசரித்தார், நான் என்ன சொன்னாலும் பேசாமல் இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த மௌனத்தில் நான் இன்னும் தனியாகிப்போனேன்.

மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம், எங்களோடு இருந்தாள். ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு நான் குளியலறை வாசலில், தரை சில்லென்று இருக்கிறது என்பதற்காக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் விளக்கைப் போடவில்லை. "கொஞ்சம் நகரும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "செக்கப்பில் உங்க அம்மாவுக்குக் கர்ப்பத்தில் பிரஷர் இருந்துச்சான்னு கேட்டாங்க, இருந்துச்சா?" என்றாள்.

இருந்தது. 26 வருடமாக யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் சொன்னதில்லை. 34-வது வாரத்தில் தலை பிளக்கிற மாதிரி வலி, கண் முன்னால் பூச்சி பறந்தது, கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பிரஷர் 160/110, சிறுநீரில் புரதம். ப்ரீ-எக்ளாம்ப்சியா என்றார்கள், கர்ப்பத்தில் பிரஷர் ஏறித் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் நிலை. வலிப்பு வந்துவிடாமலிருக்க மக்னீசியம் ஊசி போட்டு, அன்றைக்கே ஆபரேஷன் செய்து இவளை எடுத்தார்கள். கிளம்பும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "குழந்தை வெளியே வந்தாச்சு, இனி உங்களுக்கு ஒண்ணுமில்லை."

மறுநாள் பழைய ஃபைலைத் தேடி எடுத்தோம். இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. அந்த ஃபைலில் இருந்த ஸ்கேன் படங்கள் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டன. சூட்டில் அச்சாகும் வழவழப்பான தாள் அது, சில வருடத்தில் எழுத்தும் படமும் மங்கி மறைந்துவிடும். ஈசிஜி சுருள்களும் பல இடங்களில் அப்படித்தான் வருகின்றன. என் மகளை நான் முதன்முதலில் பார்த்த படம் அது. ஆயுளுக்கும் வைத்திருக்க வேண்டிய ஒன்றை மறைந்துபோகிற தாளில் கொடுக்கிறவர்கள், "இது நிற்காது, நகல் எடுத்து வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நல்லவேளை, டிஸ்சார்ஜ் சீட்டு நீல மையில் கையால் எழுதியது. அது தப்பித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சீட்டை மகள் தன் டாக்டரிடம் காட்டினாள். முதல் கர்ப்பம், அம்மாவுக்கு ப்ரீ-எக்ளாம்ப்சியா, இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதினார்கள். எழுதிவிட்டு அந்த டாக்டரம்மா கேட்டாராம்: "உங்க அம்மா இப்போ பிரஷர் பார்த்துக்கறாங்களா?"

பார்த்தோம். 162/98.

கர்ப்பத்தில் ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2011-லேயே பெண்களின் இதய நோய் ஆபத்துப் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரையையும் சேர்த்தது. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, கொலஸ்ட்ராலும் பிரஷரும் ஏறப் பார்க்கின்றன. பழைய ஆபத்தும் புதிய ஆபத்தும் சேர்கிற இடத்தில்தான் "வயசானா அப்படித்தான்" என்று என்னை அனுப்பி வைத்தார்கள்.

மகளின் டாக்டரிடமே நானும் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1, அதாவது ரத்தசோகை. இரண்டு வருடம் அதிகமாக ரத்தம் போனதன் விளைவு. படபடப்புக்கும் களைப்புக்கும் அதற்கும் பங்கு இருந்தது. தைராய்டும் பார்த்தார்கள், எனக்குச் சரியாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கு இவையெல்லாம் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிந்து விழுவதை அவருடைய குணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்தக் காலத்தில் அது திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

பிரஷர் மாத்திரையும் இரும்புச்சத்தும் ஆரம்பித்து, பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகுதான் ஹார்மோன் சிகிச்சை, அதாவது குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது, பற்றிப் பேச்சு வந்தது. என் அக்கா போனிலேயே அழுதுவிட்டாள், "கேன்சர் வரும்டி" என்று. அந்தப் பயம் 2002-ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதன் ஹார்மோன் கூட்டு மாத்திரைப் பிரிவில் 16,608 பெண்கள், சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 30, ஹார்மோன் எடுத்தவர்களில் 38. இல்லாத ஆபத்து என்று சொல்லவில்லை, அதன் அளவு அவ்வளவு என்றுதான் சொல்கிறேன். 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் ஆரம்பிப்பவர்களில், வேறு தடை இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று பின்னால் அலசியவர்கள் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத் தருவார்கள், கருப்பையின் உள்சுவர் தடித்துவிடாமல் இருக்க. எனக்குத் தோலில் தடவும் ஜெல்லும் இரவில் ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் விடியும்வரை தூங்கினேன். எழுந்து மணியைப் பார்த்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறினேன்.

"எங்க பாட்டிக்கெல்லாம் இது இல்லையா, அவங்க மாத்திரையா போட்டாங்க" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: உங்கள் பாட்டியிடம் யாராவது கேட்டார்களா? மாத்திரைக்கு விளம்பரம் செய்கிறேன் என்றும் சொல்லாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஹார்மோன் வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களும் உண்டு, ஹார்மோன் இல்லாத மருந்துகளும் மனப்பயிற்சி முறைகளும் இருக்கின்றன. ஆனால் சூடு கிளம்புவதும் வியர்ப்பதும் சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கக்கூடியவை. ஏழு வருடம் ஒருத்தியைத் தூங்காமல் "பொறுத்துக்கொள்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்று பார்த்தால், டாக்டரிடம் போகும் முன் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மாதவிடாய் வந்த தேதிகள், ஓர் இரவில் எத்தனை தடவை விழித்தார், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிரசவத்திலும் என்ன நடந்தது. கருக்கலைந்திருந்தால் அதுவும். அதை உங்களிடம் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், அவரே எழுதிக்கொள்ளட்டும். கூடப் போங்கள், ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால் "அம்மாகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அம்மா நினைத்தால் வெளியே வந்துவிடுங்கள். தூங்காத இரவுக்கு மறுநாள் காலை வேலையை யாரும் சொல்லாமல் எடுத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று முக்கியம். 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதன் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். பெரும்பாலும் சிறிய காரணமாக இருக்கும், இருந்தாலும் கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். நெஞ்சு வலியையும் மூச்சிரைப்பையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட விடாதீர்கள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர் வேலையாக இருக்கும்போது நின்றுகொண்டு கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்றுதான் முதலில் சொல்வார். அன்று ராத்திரி நானும் அதைத்தான் சொன்னேன். மகள் எழுந்து போகவில்லை.