நாத்திகரை எப்படி எண்ணுவது? கேள்வி பதில்

தக்கலை வாசகர்: சார், இந்தியாவில் நாத்திகர் 33 ஆயிரம் பேர் என்கிறார்கள், 3 சதவீதம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் வெளியான எண்கள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் 33 ஆயிரத்துச் சொச்சம். 2012இல் வெளிவந்த வின்-காலப் பன்னாட்டுக் கருத்துக்கணிப்பில் இந்தியாவுக்கு 3 சதவீதம். 121 கோடிக்கு அதைக் கணக்குப் போட்டால் மூன்றரைக் கோடியைத் தாண்டும், அதாவது ஆயிரம் மடங்கு வித்தியாசம். கேட்ட கேள்வியே வேறு. காலப் ஒவ்வொருவரிடமும், "வழிபாட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும், நீங்கள் சமயப் பற்றுள்ளவரா, பற்றில்லாதவரா, உறுதியான நாத்திகரா?" என்று கேட்டது. கணக்கெடுப்பாளரோ வீட்டில் ஒருவரிடம் மொத்தக் குடும்பத்துக்கும் "என்ன மதம்?" என்று கேட்டு எழுதுகிறார். அப்பா "இந்து" என்றோ "சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்" என்றோ சொல்லிவிட்டால் மகனின் கணக்கும் அதிலேயே முடிந்தது. கேள்வியைப் பார்க்காமல் சதவீதத்தைத் தூக்காதீர்கள்.

குலசேகரம் வாசகர்: 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்து 48.65 சதவீதம், கிறிஸ்தவர் 46.85, முஸ்லிம் 4.20. மிச்சம் 0.30தான் நாத்திகரா?

இல்லை. பிற மதத்தவரும் மதம் தெரிவிக்காதவர்களும் அதில்தான் வருகிறார்கள். பெரிய மூன்று எண்களுக்குள்ளும் நம்பிக்கை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இந்த அட்டவணை பிறந்த அடையாளத்தைச் சொல்லும், நம்பிக்கையைச் சொல்லாது.

அருமனை வாசகர்: கணக்கெடுப்பில் "மதம் இல்லை" என்று சொன்னால் எனக்க மகளுக்க எஸ்.சி. சான்றிதழ் போயிருமா?

போகாது. 1948ஆம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி தனிநபர் பதிவை யாரும் பார்வையிட முடியாது, அதைச் சாட்சியமாகவும் காட்ட முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: எஸ்.சி. பட்டியலில் இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே வருவதால், கணக்கெடுப்பின் எஸ்.சி. எண்ணிக்கையில் அவர் சேரமாட்டார்.

மார்த்தாண்டம் வாசகர்: பள்ளியில் சாதி, மதம் எழுதாமல் விடலாமா?

விடலாம். 1973 ஜூலையிலும் 2000 ஜூலையிலும் வந்த தமிழ்நாட்டு அரசாணைகள் அனுமதிக்கின்றன. நகலோடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். இடஒதுக்கீடு கேட்கும் எண்ணம் இருந்தால் சாதிச் சான்றிதழை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

சாமித்தோப்பு வாசகர்: ஐயா, எங்களை ஏன் இந்து என்று எழுதுகிறார்கள்? வைகுண்டரைப் பின்பற்றும் எங்கள் அய்யாவழியில் சிலை கிடையாது. எங்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் கண்ணாடியும் விளக்கும்தான்.

இரணியல் வாசகர்: அண்ணாச்சி, வைகுண்டரை நாராயணரின் அவதாரம் என்றுதானே உங்கள் வேதமான அகிலம் சொல்லுது? அப்புறம் தனி மதம் எப்படி?

சாமித்தோப்பு வாசகர்: அவதாரம் என்று சொன்னதும் எல்லாம் ஒன்றாகிவிடுமா?

அய்யாவழி தனி மதமா என்பதை எண்ணுகிறவர் தீர்மானிக்கக் கூடாது. எண்ணிக்கை எங்கே காணாமல் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2011 படிவத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், ஜைனர் ஆகிய ஆறு பேருக்குத்தான் குறியீட்டெண். மற்றதைப் பெயராக எழுத வேண்டும். அய்யாவழிக் கோயிலான பதிக்குப் போகிறவரே "இந்து" என்று சொன்னால் 1 என்ற எண் விழும், அய்யாவழி என்ற சொல் தாளிலேயே ஏறாது. இது முதல் இழப்பு. சொல்லி எழுத வைத்தாலும், தொகுக்கும்போது பிரிவுப் பெயர்களைப் பெரிய மதத்தின் கீழ் சேர்ப்பது வழக்கம். இது இரண்டாவது. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது, ஏனென்றால் சொல்வதை அப்படியே எழுதுவது கணக்கெடுப்பாளரின் கடமை. ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடிகளைப் பாருங்கள். குறியீட்டெண் இல்லாமலேயே 2011இல் சுமார் 49.6 லட்சம் பேர் தங்கள் இயற்கை வழிபாட்டு மதத்தை "சர்னா" என்று எழுத வைத்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இன்று தனிக் குறியீடு கேட்கிறார்கள்.

இரணியல் நண்பருக்கு: இறையியல் வாதம் எப்படி முடிந்தாலும், ஒருவர் சொன்ன பெயரை மாற்றி எழுத யாருக்கும் உரிமையில்லை.

திங்கள்நகர் வாசகர்: அப்படியானால் மாவட்டத்தில் எந்த மதத்தவர் அதிகம் என்பது மாறிவிடுமே?

மாறலாம். அதற்காக ஒருவருடைய வாயை அடைக்க முடியாது.

குளச்சல் வாசகர்: கடவுள் இருக்கிறாரா?

என் துறை எண்ணுவது.

களியக்காவிளை வாசகர்: மதம் இல்லை என்று சொன்னால் சான்றிதழ் ரத்தாகுமா?

அருமனைக்காரருக்கான பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவி: சார், எங்கள் கல்லூரியில் 400 பேரிடம் கேட்கப் போகிறோம். எப்படிக் கேட்பது?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள்: எந்தச் சமயத்தில் பிறந்தீர்கள், கடவுள் இருப்பதாக நம்புகிறீர்களா, கடந்த மாதம் எத்தனை முறை வழிபாட்டுக்குப் போனீர்கள். "தெரியாது", "சொல்ல விரும்பவில்லை" இரண்டும் தனிக் கட்டங்களாக இருக்கட்டும். ஒன்றாக்கினால் ஐயுறவாளரும் பயந்தவரும் கலந்துவிடுவார்கள். வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் சொந்த ஊர்ப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

தயக்கம் அதிகமென்றால் நாணயம் சுண்டச் சொல்லுங்கள். பூ விழுந்தால் எல்லோரும் "ஆம்" என்று எழுத வேண்டும். தலை விழுந்தவர்கள் மட்டும் "நீங்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவரா?" என்பதற்கு உண்மையை எழுத வேண்டும். விழுந்தது எது என்று வேறு யாரும் பார்க்கக் கூடாது. 400இல் 232 "ஆம்" வந்தால் அது 58 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பூ விழும் என்பதால், இரட்டிப்பாக்கி 100ஐக் கழித்தால் 16 சதவீதம். அதுதான் மதிப்பீடு. இந்த மறைப்புக்கு ஒரு விலை உண்டு: பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 400 பேரை எடுத்து நேரடியாகக் கேட்டால் பிழை கூடவோ குறையவோ அதிகபட்சம் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி, நாணய முறையில் அது 10 புள்ளியாகும். ஆகவே ஆர்.சி. (கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ., அய்யாவழி என்று பிரித்து எண் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் போதாது.