படத்தில் ஏழு நிறம், தொட்டியில் வெறும் மண்

கேள்வி: இணையத்தில் 299 ரூபாய்க்கு 'ஏழு வண்ண பிரிம்ரோஸ்' விதை வாங்கி, மே மாதம் மொட்டைமாடியில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. 'உங்கள் மண் சரியில்லை' என்கிறார் விற்றவர்.
- வாசகி, சென்னை

பதில்: மண்ணின் மேல் பழி போடுவது இவர்களுக்கு வாடிக்கை. பிரிம்ரோஸ், ஐரோப்பாவின் ஈரமான மரநிழலில் வளரும் பூச்செடி. விதை முளைக்க 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சி வேண்டும். வெளிச்சமும் வேண்டும், மண் போட்டு மூடக் கூடாது. இதில் ஒரு வரியாவது உறையில் இருந்ததா? இந்த விதை உறைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொட்டலம் கட்டியவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் கடலைமிட்டாய் உறையில் இருக்கின்றன. இங்கே பளபளக்கும் படம் மட்டும்தான். உறையைப் படமெடுத்து, இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நானும் கொடைக்கானலில் பூத்த தொட்டிகள் நான்கை வாங்கி, மடியில் வைத்தே பஸ்ஸில் மதுரைக்கு இறக்கியவன்தான். நான்காம் நாள் கீரை மசியல். கடைக்காரர் மேல் குற்றமில்லை. கீழே தாங்காது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கேள்வி: பகல் முழுக்க வெயில் விழும் பால்கனி. பிரிம்ரோஸ் வைக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். இட்லிப் பூ வையுங்கள்.

கேள்வி: பெயர்ச்சீட்டு இல்லாத பிரிமுலா (பிரிம்ரோஸ் இனச் செடி) தொட்டி வாங்கினேன். காய்ந்த இலைகளைக் கிள்ளியதிலிருந்து விரல்களில் அரிப்பு, கொப்புளம். 'தூசிதான் காரணம்' என்கிறார் கடைக்காரர்.
- வாசகி, குன்னூர்

பதில்: முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள், செடியின் படத்தோடு. பிரிமுலா ஒப்கோனிகா என்ற வகையின் இலைமயிர்களில் பிரிமின் என்றொரு பொருள் உண்டு. சிலருக்கு அது இப்படித்தான் செய்யும். பிரிமின் இல்லாத ரகங்களும் இருக்கின்றன. எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்றுவிட்டு, நோய்க்குப் பெயர் வைக்க மட்டும் வருகிறார். ரசீது இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: பிரிம்ரோஸ் என்று நினைத்து ஈவினிங் பிரிம்ரோஸ் வாங்கிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: உறையில் என்ன எழுதியிருந்ததோ அதுதானே வந்திருக்கிறது? பெயரில் மட்டும் உறவு, குடும்பமே வேறு. படிக்காமல் வாங்கியதற்கு யார் பணம் தருவார்?

கேள்வி: இங்கே காட்டோரத்தில் பிரிம்ரோஸ் கொட்டிக் கிடக்கிறது. தோண்டி வந்து நட்டால் செலவு மிச்சமல்லவா?
- வாசகர், லண்டன்

பதில்: நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவது அங்கே 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டில் பூ முடிந்ததும் பழைய குத்தைப் பிரித்து நடுவார்கள். ஒரு கன்று கேட்டு வாங்குங்கள்.